மூன்றாவது கை

தோட்டத்து லயம், பிரிஞ்சாங்
3 நவம்பர் 2024

பிரெட்ரிக்குக்கு,

அன்புள்ள என்று எழுத இப்போது மனசு வரவில்லை. அக்கா எழுதுகிறேன்.

போனில் கத்தினால் அப்பாவுக்குக் கேட்கிறது. லயத்து வரிசை வீடுகளின் சுவர் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். நேற்று நீ கத்தியதையும் நான் கத்தியதையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை இடது கையால் தள்ளிவிட்டார். ஸ்ட்ரோக்கில் பேச்சுத்தான் குழறுகிறது, காது நன்றாகவே இருக்கிறது. அதனால் இனி சண்டையெல்லாம் எழுத்தில்தான். ஈமெயில் போடு, நானும் போடுகிறேன்.

இப்போது சொல், மேல்லயத்து வாசலை ஏன் அடைத்தாய்?

கோவிட் நேரத்தில் நீ இந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த விளையாட்டு அது. பனிக் கிரகத்தில் ஒரு கொட்டகை, ஒரு அடுப்பு, நாலு ஆட்கள். இன்றைக்கு அது ஒரு ஊர். மேல்லயம் என்று பேர் வைத்தவன் நீ. குடியேற வந்த ஒவ்வொருவருக்கும் நம் லயத்து ஆட்களின் பேரை வைத்தவள் நான். ஊர் ஓடுகிற கம்ப்யூட்டர் ஜொகூரில் உன் அறையில் இருக்கிறது என்பதற்காக ஊரே உன்னுடையது ஆகிவிடுமா?

நான் எழுதிய புரோகிராம் உனக்கு என்ன செய்தது? அது இங்கே என் பழைய லேப்டாப்பில் வெளியே உட்கார்ந்திருக்கும். நீ திறந்து வைத்த வாசல் வழியாக விளையாட்டிடம் கேட்கும், குளிர் எவ்வளவு, ஹீட்டர் எரிகிறதா, வெளியே யார் நிற்கிறார்கள் என்று. பதிலுக்குத் தகுந்தமாதிரி கேட்டை மூடும், ஹீட்டரைக் கூட்டும். புயல் வந்தால் சங்கு ஊதும், சனங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஊர். நேற்று ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் என் புரோகிராமை உள்ளே விட மாட்டேன் என்கிறது.

மழையில் இன்டர்நெட் போய்விட்டது என்று நினைத்து ஸ்டூல் போட்டு ஏறி ரூட்டரை எல்லாம் தட்டிப் பார்த்தேன். நீ அடைத்திருப்பாய் என்று தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

திற.

அக்கா கேத்லீன்


ஜொகூர் பாரு
5 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு வராவிட்டாலும் எனக்கு மனசு வருகிறது, அதனால் அன்புள்ள போட்டுவிட்டேன்.

அடைத்தது நான்தான். சொல்லாமல் அடைத்தது தப்பு. அடைத்தது தப்பில்லை.

நான் வேலை செய்கிற இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக மெஷின். ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் பார்த்துக்கொள்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து மேல்லயத்தைத் திறந்தால் அங்கேயும் அதே கதை. கேட் மூடியிருக்கும். கிழங்கு வெட்டியிருக்கும். ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். என் சொந்த ஊருக்கு நான் டூரிஸ்ட் மாதிரி வந்து போக வேண்டியிருக்கிறது. ஸ்ட்ராபெரி பறிக்க கியா பார்முக்கு வருகிறவன்கூட ரெண்டு பழமாவது கையால் பறிப்பான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நம் தாத்தாவின் அப்பா கங்காணி கம்புக்குப் பயந்து கொழுந்து கிள்ளியவர். அவர் பேத்திக்குப் பிறந்த நீ ஒரு கங்காணியை எழுதி ஊருக்கு மேலே உட்கார வைத்திருக்கிறாய். போ என்றால் போகணும், வா என்றால் வரணும். சங்கு ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஊதினதும் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுகிற அழகு.

டிசம்பரில் நீண்ட பனிக்காலம் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் விளையாட்டில் அதை விடுகிறார்கள். ஒரு வாரம் முழுக்கப் புயல். போன வருஷம் அதில் பாதி ஊர் போயிற்று. இந்த முறை தாண்டணும், அதுவும் நம் கையாலே தாண்டணும். உன் கங்காணி தாண்டினால் அது நாம் தாண்டியதா?

அப்பாவுக்கு முத்தம் கொடு.

பிரெட்


தோட்டத்து லயம், பிரிஞ்சாங்
8 நவம்பர் 2024

பிரெட்,

முத்தம் கொடுத்தேன். ஷேவ் பண்ணாத கன்னம், குத்தியது. ஷேவ் பண்ணுவதும் நான்தான்.

கங்காணி என்றாய். நன்றாக யோசித்துச் சொல். கங்காணி என்பவன் சும்மா நிற்பான், மற்றவர்கள் வேலை செய்வார்கள். என் புரோகிராம் வேலை செய்கிறது. அது வேலை செய்கிற நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா?

காலையில் தோட்டத்துச் சங்கு ஊதுமுன் எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். வெந்நீர் வைத்துத் துடைக்கிறேன். கஞ்சி கொடுக்கிறேன், பாதி என் சட்டையில் விழும். பக்கத்து வீட்டுச் செல்லம் அக்காவிடம் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறேன். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி வேலை, துரையின் கோபம். மத்தியானம் வந்து மறுபடியும் திருப்புகிறேன். சாயங்காலம் பாத்ரூம். அப்பாவைத் தூக்கும்போது என் இடது கை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வலது கை கக்கத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து மேல்லயத்தில் புயல் வரும். எந்தக் கையால் கேட்டை மூடுவேன்?

உனக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கிறது. அதனால் கையால் ஆடுவது உனக்கு அழகாகத் தெரிகிறது. எனக்கு ரெண்டு கையும் அப்பாவிடம் இருக்கிறது. அதனால் மூன்றாவதாக ஒன்று செய்துகொண்டேன். ஈப்போ டவுனுக்கு டிப்ளோமா படிக்கப் போனேனே, அந்தப் படிப்பு வேறு எதற்கும் பயன்படவில்லை, இதற்காவது ஆகட்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். அது கங்காணி இல்லை. மூன்றாவது கை. இனி அப்படித்தான் சொல்லணும்.

இந்த உலகத்தில் எனக்கே எனக்கு என்று இருப்பது அந்த ஊர் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அழுது கேட்பேன் என்று பார்க்காதே, கேட்க மாட்டேன். திறக்கிற வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

கேத்லீன்


ஜொகூர் பாரு
17 நவம்பர் 2024

அக்கா,

நான் சொல்வதற்குள் நீயே லேப்டாப்பைத் திறந்து பார்த்திருப்பாய்.

நேற்று மத்தியானம் புயல் வந்தது. நான் அறையில்தான் இருந்தேன், கையால்தான் ஆடினேன், தூங்கவில்லை, சாப்பிடவும் போகவில்லை. இதைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே பனி கிளம்பியதைப் பார்த்ததும் முதல் வேலையாகச் சங்கை அமுக்கினேன். எப்போதும் ஓடுகிற மாதிரி வீட்டுக்கு ஓடுவார்கள் என்று பார்த்தால், வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். களத்துக்குப் போனார்கள். வரிசையாக நின்றார்கள். நான் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்து உள்ளே விட்டால், அடுத்தவரை இழுப்பதற்குள் முதல் ஆள் மறுபடியும் போய் வரிசையில் நிற்கிறார். அப்படியே நின்றார்கள், அக்கா. பனி ஏறி ஏறி, நின்றபடியே.

பாதிப் பேர் போய்விட்டார்கள். சின்னையா, குமுதா, செல்லம் அக்கா, நம் பழைய லோரி டிரைவர் முனியாண்டி, எல்லாரும்.

உன் புரோகிராம் உள்ளே எதையோ கெடுத்து வைத்திருக்கிறது. வேறு காரணம் தெரியவில்லை. இதற்குத்தான் வெளி ஆளை உள்ளே விடாதே என்பது.

நேற்றுக் காலையில் ஊரை அப்படியே சேவ் பண்ணி எடுத்து வைத்த காப்பி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாரும் உயிரோடு இருப்பார்கள். பழைய காப்பியைப் போடுவதில்லை என்று நாம் சத்தியம் பண்ணினோம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? போடட்டுமா?

பிரெட்


தோட்டத்து லயம், பிரிஞ்சாங்
19 நவம்பர் 2024

பிரெட்,

போடாதே. போட்டால் நான் இந்த ஜென்மத்தில் உன்னோடு ஆட மாட்டேன்.

கெடுத்தது என் புரோகிராம் இல்லை. நீ அதை வெளியே தள்ளியதுதான் கெடுத்தது. விளையாட்டில் சங்குக்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது படித்தாயா? வேலைக்குக் கூப்பிடுவது. சங்கு ஊதினால் எல்லாரும் களத்தில் வந்து வரிசையில் நிற்கணும். நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரியே, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற வரை நிற்கணும். பெரட்டைக் கலைக்காமல் ஒருவரும் நகர மாட்டார்கள். அதைக் கலைக்கிற பட்டன் களத்து விளக்கில் இருக்கிறது.

எனக்கு அது பிடிக்கவில்லை. பிறந்ததில் இருந்து சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிற சனங்களைப் பார்த்தாயிற்று. அதனால் என் மூன்றாவது கைக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். சங்கு ஊதினதும் பெரட்டைக் கலை, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. என் ஊரில் சங்கு ஊதினால் சனங்கள் வீட்டுக்கு வரணும். நீ இத்தனை மாசம் ரசித்துப் பார்த்த அழகு அது. நான் எழுதிய அழகு. வாசலை அடைத்துவிட்டு அந்த அழகை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாய். தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சங்கு ஊதினால் சனங்கள் எங்கே போவார்கள் என்று தெரியாமலா போயிற்று?

இங்கே நடந்த கூத்தைக் கேள். செல்லம் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு மேல்லயத்துப் படத்தைக் காட்டும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னைய எதுக்கு லா சாவடிச்சான் ஒன் தம்பி? நாசி லெமாக் சோறு ஓசியா கட்டிக் குடுத்து அனுப்புனனே, அதுக்கா?" என்று கேட்டார். நான் பெரட்டு விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் இருந்த கையைக் கீழே போட்டார். அப்புறம், "பனியில நின்னேனா? பேரு கூப்புடற வரைக்கும் நின்னேனா? நான் அப்புடித்தான் நிப்பேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பிரெட். சும்மா ஒரு விளையாட்டுக்கு.

நம் அப்பா பிழைத்துக்கொண்டார். மேல்லயத்து ஆர்தரைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த வாரம் அவரை நான் சுகமில்லாதவர் என்று மாற்றி வைத்தேன். சுகமில்லாதவரைப் பெரட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊரே களத்தில் நிற்க, அவர் மட்டும் வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா படத்தைப் பார்த்தார். "பெரட்டுக்குப் போவல. நா போவல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாய் கோணிச் சிரித்தார். துடைத்துவிட்டேன்.

செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கட்டும். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பனிக்காலத்தைத் தாண்டுவேன். வாசலைத் திற.

கேத்லீன்


ஜொகூர் பாரு
23 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன்.

விளையாட்டின் விளக்கத்தைப் படித்தேன். நீ சொன்னது சரி. சங்குக்கு ஓடின பிள்ளைதான் நானும். இங்கே வந்த பிறகு மறந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே எங்களுக்குச் சங்கு இல்லை, கார்டைத் தட்டினால் போதும்.

வாசலைத் திறந்துவிட்டேன். பழைய காப்பியை அழித்தும் விட்டேன். உன் கங்காணி, சரி, உன் மூன்றாவது கை வரலாம். பனிக்காலம் முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளட்டும். நான் தொட மாட்டேன். இப்போது சந்தோஷமா? செல்லம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கிறிஸ்மஸுக்கு வரப் பார்க்கிறேன். லீவு கிடைக்குமா தெரியவில்லை, வருஷக் கடைசியில் இங்கே ஆள் குறைவு. போன வருஷமும் இதையேதான் சொன்னேன் என்று எழுதாதே, எனக்கே தெரியும்.

பிரெட்


தோட்டத்து லயம், பிரிஞ்சாங்
26 நவம்பர் 2024

அன்புள்ள பிரெட்,

வாசல் திறந்திருக்கிறது, பார்த்தேன். மூன்றாவது கையை உள்ளே அனுப்பவில்லை.

ஆமாம், நீ சரியாகத்தான் படித்தாய். இரண்டு நாளாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். நீ திறந்தாய், நான் நுழைய வேண்டும். நாளைக்கு உனக்கு வேறு ஏதாவது தோன்றினால் மறுபடியும் அடைப்பாய், நான் மறுபடியும் எழுத வேண்டும். இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை.

நீ எழுதியதில் ஒன்று என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. கையால் தாண்டினால்தான் நாம் தாண்டியது என்றாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் கையால் ஆட ஆசைதான். நானே கேட்டைச் சாத்தி, நானே விளக்கு ஏற்றி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. எனக்கு என் கை வேண்டும். மூன்றாவது இல்லை, முதலாவதும் இரண்டாவதும்.

அதனால் இப்படிச் செய்வோம். டிசம்பர் எட்டாம் தேதி நீ இங்கே வருகிறாய். நான் அன்றைக்கே பஸ் ஏறி உன் அறைக்கு வருகிறேன். ஒரு வாரம். நீ அப்பாவைப் பார்க்கிறாய், நான் உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பனிக்காலத்தைப் பார்க்கிறேன். நான் தூங்குகிற நேரம் மட்டும் இங்கிருந்து என் லேப்டாப்பில் நீ ஊரைப் பார்த்துக்கொள். கையாலே பார். உனக்குத்தான் அது பிடிக்குமே.

துரையிடம் லீவு கேட்டேன். "ஒரு வாரமா? அப்பா எப்புடி?" என்றார். "அவருக்கு மகன் ஒருத்தன் இருக்கான் துரை" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். செல்லம் அக்காவிடமும் சொல்லிவிட்டேன், லயம் முழுக்கத் தெரியும். உனக்கு லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. எட்டாம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் நான் இருப்பேன். வீட்டில் நீ இருக்கிறாயா இல்லையா என்பதை நீ முடிவு பண்ணிக்கொள்.

அக்கா


தோட்டத்து லயம், பிரிஞ்சாங்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இவ்வளவு குளிரும் என்பதை மறந்துவிட்டேன். நாலு நாளாக ஒரு துணி காயவில்லை. அப்பாவுக்கு மாற்ற வேட்டி இல்லாமல் என் சாரத்தைக் கட்டிவிட்டிருக்கிறேன்.

வந்த அன்றே செல்லம் அக்கா வாசலில் நின்று, லயத்துக்கே கேட்கிற மாதிரி, "வாங்கடி வந்து பாருங்க, என்னைய கொன்னவன் வந்துட்டான்" என்று கத்தினார். கோடியில் இருக்கிற சசிரேகா வீட்டில் இருந்தும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நாசி லெமாக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு பொட்டலம், அப்பாவுக்குக் கஞ்சி.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நீ கொஞ்சம் தூங்கப்போகிறேன் என்று போன் பண்ணினாயே, அப்போது அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டு, பிடித்துக்கொண்டு நிற்கிறேன். லேப்டாப்பில் அலாரம் அடிக்கிறது. புயல். அப்பாவை விட்டால் விழுந்துவிடுவார். ரெண்டு கையும் அவர்மேல் இருக்கிறது, ரெண்டு கையிலும் சோப்பு. அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா என்னைப் பார்த்தார். "கேட்டு... மூடு" என்றார். "எப்புடிப்பா மூடறது?" என்று நான் கத்திவிட்டேன். அவரிடம் கத்தினேன், அக்கா. அவர் முகம் சின்னதாகிவிட்டது.

தலை துவட்டி, தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் மேல்லயத்துக் கிழங்குக் கூடம் முழுக்க உறைந்துவிட்டது. கிழங்கு எல்லாம் போயிற்று. ஆட்கள் தப்பினார்கள், நீ தூங்குமுன் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுப் போனதால்.

நீ இதை மூன்று வருஷமாகச் செய்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா, அந்த மூன்றாவது கையை ஓடவிடு. என் நேரத்துக்கு மட்டுமாவது. உன் லேப்டாப்பில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், பூட்டி வைத்திருக்கிறாய். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரெட்


ஜொகூர் பாரு
14 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஈமெயிலை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். ரெண்டாவது தடவை சிரிக்கவில்லை.

அப்பாவிடம் கத்தியதற்கு வருத்தப்படாதே. நானும் கத்தியிருக்கிறேன். மறுநாள் ஷேவ் பண்ணிவிடும்போது கன்னத்தைத் தட்டிக்கொடு, அவர் மறந்துவிடுவார். கேட்டை மூடு என்று அவர் வாயால் சொன்னாரா? இத்தனை நாள் நான் ஆடும்போது சும்மா பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? தாண்டிவிட்டேன். இன்றைக்குக் காலையில் மேல்லயத்துக்கு மேலே பனி விட்டு வெளிச்சம் வந்தது. ஒவ்வொரு கேட்டையும் என் கையால் மூடினேன், திறந்தேன். ஒவ்வொரு சங்குக்கும் பிறகு ஓடிப்போய்க் களத்து விளக்கில் அந்தப் பட்டனை அமுக்கிப் பெரட்டைக் கலைத்தேன். ஒரு ஆள்கூடச் சாகவில்லை. விரல் எல்லாம் வலிக்கிறது. உன் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து, ரொட்டி சானாய் கடையில் வாங்கியதை ஒரு கையால் தின்றுகொண்டே ஆடினேன். ஒரு கை சும்மா இருந்தது, பிரெட். தின்பதற்கு ஒரு கை தனியாக. அது எப்படி இருந்தது என்று உனக்கு இப்போது புரியும்.

மூன்றாவது கையைக் கேட்டாய். இங்கிருந்தே என் லேப்டாப்புக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டேன். மறுபடியும் கேட்டால் கடவுச்சொல் அம்மா பேர். நேற்றே உன் வாசல் வழியாக உள்ளே அனுப்பிவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறது. உன் நேரத்துக்கு மட்டும்தான். எனக்கு வேண்டாம், இங்கே எனக்கு என் கை இருக்கிறது.

செல்லம் அக்காவிடம் ஒன்று சொல். வெளிச்சம் வந்ததும் புதிதாக ஒரு ஆள் ஊருக்குக் குடியேற வந்தார். அவர் பேரைத்தான் வைத்திருக்கிறேன். பெரட்டுக்குக் கூப்பிடக் கூடாதவர் என்று முதலிலேயே மாற்றி வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். சும்மா உட்காரட்டும்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறுவேன் என்று சொல்லியிருந்தேன். ஏற மாட்டேன். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வருகிறேன். பனிக்காலம் முடிந்துவிட்டது, ஆட்டத்துக்காக இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கடல் பார்க்கப் போகிறேன். ஒரு சட்டை வாங்கப் போகிறேன், கஞ்சி படாத சட்டை. துரைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், அவர் கத்தினார், கத்தட்டும்.

உன் லீவை நீயே கேட்டு வாங்கு. காலையில் தோட்டத்துச் சங்கு ஊதும்போது பயந்து எழாதே, அது உன்னைக் கூப்பிடவில்லை. அப்பாவைத் திருப்பிப் படுக்க வை, வெந்நீர் போடு. இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கை கக்கத்தில்.

அக்கா கேத்லீன்